ஒரு சொம்பு நல்ல தண்ணி

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நாலு வழிச் சாலையில், அசந்தால் தாண்டிப் போய்விடும் ஊர் புதுச்சத்திரம். பேர்தான் சத்திரம், கோழித் தீவன லாரிகூட நிற்காமல் பறக்கிறது. நான் நின்றேன். காரணம், என் மூஞ்சி.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகணும். 'டோனர் போடுடா, முகத்துல இருக்கிற துவாரமெல்லாம் மூடிக்கும்' என்று ஆபீஸ் நண்பன் ஏற்றிவிட்டான். நானூறு ரூபாய்க்கு ஒரு பாட்டில். மூன்றே நாளில் கன்னம் மரவள்ளிக் கிழங்குத் தோல் மாதிரி உரிய ஆரம்பித்தது. அந்தக் கோலத்தோடுதான் ரோட்டோர சலூனுக்குள் நுழைந்தேன்.

"ஏனுங்க தம்பி, மூஞ்சியில என்னத்தைப் பூசுனீங்க?"

பாட்டிலை நீட்டினேன். சலூன்கார அண்ணன் மோந்து பார்த்தார். "ஸ்பிரிட்டு வாசமில்ல அடிக்குது!"

ஆமாம், ஆல்கஹால் கலந்த சரக்கு. எண்ணெயோடு ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். துவாரம் மூடுவதெல்லாம் கப்சா. அதென்ன கதவா, திறந்து மூட? அதைச் சுருக்கி விரிக்கத் தசையே கிடையாது.

ஷேவிங் முடிந்ததும் படிகாரத்தை எடுத்தார். யோசித்தால் அதுவும் நம்மூர் டோனர்தான். தோலை இறுக்கும், கீறலில் கசியும் ரத்தத்தை நிறுத்தும். திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிற அதே சமாசாரம்! ஆனால் அந்தக் கல் என் கன்னத்துக்கு முன்னால் எத்தனை கன்னத்தைப் பார்த்ததோ? "வேண்டாங்ணா" என்றேன்.

"எந்தத் தண்ணியில மூஞ்சி கழுவுறீங்க?"

"போர் தண்ணிதாங்ணா. குளிக்கிற சோப்புதான்."

மூலையில் கிடந்த பிளாஸ்டிக் மக்கைக் காட்டினார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. "இதேதானுங்க உங்க மூஞ்சியிலயும்."

அவர் சொன்னது நிஜம். உப்புத் தண்ணியில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகிவிடும். எத்தனை தரம் அலம்பினாலும் லேசில் போகாது. அந்தப் பிசுக்கைத் துடைத்தெடுப்பது டோனரின் பழைய உத்தியோகங்களில் ஒன்று. இன்னொன்று, சோப்பின் காரத்தை முறிப்பது. சோப்பின் காரம் பி.எச். கணக்கில் 9, 10 என்று நிற்கும். தோலுக்கு வேண்டியது 5 சுமார். ஆனால் தோல் சில மணி நேரத்தில் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். காரமில்லாத ஃபேஸ்வாஷ் போடுகிறவனுக்கு அந்த உத்தியோகமும் காலி. எண்ணெய் வழிந்து பரு கிளம்புகிற முகத்துக்கு சாலிசிலிக் ஆசிட் கலந்த டோனர் கொஞ்சம் உதவும். பைக்கில் வெயில் குடிக்கிற நமக்கு, அந்தக் காசில் சன்ஸ்க்ரீன் வாங்குவது உத்தமம்.

"சோப்பைக் கொறைங்க. கடைசியா ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க, போதும்."

குடிக்கிற தண்ணியையா என்று இழுத்தேன். "ஒரு சொம்புதானுங்களே!"

பாட்டிலை அவரிடமே கொடுத்துவிட்டேன். "கண்ணாடி தொடைக்க ஆகுமுங்க" என்று சந்தோஷமாக வாங்கி, அப்போதே துடைத்தும் காட்டினார். பளிச்சென்று தெரிந்தது என் முகம், உரிந்த தோலோடு. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.