மூடுமுன் ஒரு பரிசோதனை

மன்னார்–பூநகரி வீதியில் உள்ள இலுப்பைக்கடவையின் கடலோரத்து மண்ணிலிருந்து வித்தி எடுக்க வேண்டுமென்றால், மண்ணை நீரில் கரைத்து 80 பாகை செல்சியசில் 10 நிமிடம் வைப்போம். வளர்ந்துகொண்டிருந்த பற்றீரியாக் கலங்கள் பெரும்பாலும் மடிந்துபோகும், வித்திகள் தப்பிவிடும். வெயிலையும் வறட்சியையும் தாங்கிக் கிடந்த அந்த வித்திகள், ஊடகத்தில் பரப்பியதும் முளைத்துக் கொலனிகளாகும்.

இந்தத் தாங்கும் வலு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், தடித்த உறையைத்தான் பலரும் காட்டுவார்கள். வித்தி உருவாவதை மணிக்கணக்கில் பார்த்துவந்த எனக்கு, உறை போடுவதற்கு முந்திய கட்டமே பெரிதாகப் படுகிறது.

பசிலசு சப்டிலிசு என்ற பற்றீரியா உணவு குறைந்ததும் வித்தி கட்டத் தொடங்கும். 37 பாகையில் ஏறத்தாழ எட்டு மணி நேர வேலை அது. அப்போது கலத்தில் நிறமூர்த்தத்தின் பிரதிகள் இரண்டு இருக்கும். ஓர் ஓரத்தில் சுவர் எழும்போது, சிறிய அறைக்குள் ஒரு பிரதியின் மூன்றிலொரு பங்கே அகப்படும். மிச்சத்தை ஸ்போ-III-ஈ என்ற புரதம் உள்ளே இழுத்துவிடும். பிறகு அறையில் நீர் வற்றும், கல்சியம் டைபிக்கோலினேற்று நிறையும், நொதியங்கள் ஓய்ந்துவிடும். டி.என்.ஏயில் முறிவு இருந்தால், முளைக்கும் நாள்வரை அதைத் திருத்த வழியில்லை. விதைநெல்லைக் கட்டிவைக்குமுன் ஈரமும் பதரும் பார்ப்பதுபோல, இங்கும் பார்வை முன்கூட்டியே நடந்தாக வேண்டும்.

அந்தப் பார்வையாளன் டிஸ்-ஏ என்ற புரதம். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் சிகல் பென்-யெகுடாவின் குழு 2006இல் இதை விவரித்தது. நிறமூர்த்தத்தின் மீது விரைந்து ஓடும் டிஸ்-ஏ, சேதம் கண்ட இடத்தில் நின்றுவிடும். வித்தி கட்டுவதும் தாமதமாகும். இப்புரதம் சைக்கிளிக்-டை-ஏ.எம்.பி என்ற சிறு மூலக்கூறைத் தயாரிப்பதை 2008இல் மியூனிக்கில் ஹொப்னர் குழு கண்டது. டி.என்.ஏ நலமாக இருக்கையில் அம்மூலக்கூறு கூடும், சேதமிருந்தால் குறையும். வெளியிலிருந்து அதைச் சேர்த்தால், சேதமுற்ற கலமும் தாமதத்தை விட்டு வித்தி கட்டப் புறப்படும் என்று 2011இல் பென்-யெகுடாவின் குழு காட்டியது. அம்மூலக்கூறின் குறைவுதான் கலத்துக்குப் பொறு என்று சொல்கிறது. வித்தி கட்டுவதற்கு வேறொரு தடையும் உண்டு: 2001இல் அறியப்பட்ட எஸ்-டி-ஏ என்ற சிறு புரதம், டி.என்.ஏ நகலெடுப்பில் கோளாறு வந்தால் தொடக்கக் கட்டளையையே நிறுத்திவிடும்.

இதை அறிந்தபின் என் வேலைமுறை மாறியது. டி.என்.ஏயைச் சிதைக்கும் மருந்து இட்ட வளர்ப்பில் வித்தி பிந்தினால், பழுதென்று கொட்டிவிடாமல் இன்னும் சில மணி நேரம் மாதிரி எடுத்துப் பாருங்கள் என்றுதான் மாணவர்களுக்குச் சொல்கிறேன். தாமதமே அங்கு நமக்குக் கிடைக்கும் தரவு.

வழுக்கியில் மலக்கைட் பச்சையைச் சூடாக்கி ஏற்றிக் கழுவி, சப்ரனின் இட்டால், நுணுக்குக்காட்டியில் வித்தி பச்சையாகவும் கலம் சிவப்பாகவும் தெரியும். பச்சையாகத் தெரிபவற்றை எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாது. முறிந்த டி.என்.ஏயை வைத்திருக்கும் வித்தியும் பச்சையாகவே தெரியலாம். ஆகவே அதே மாதிரியைச் சூடாக்கி, பெற்றிக்கிண்ணத்தில் முளைப்பவற்றையும் எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கைகளையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அவற்றுக்கிடையில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பதைப் பார்த்தால்தான், மூடுமுன் நடந்த பரிசோதனை பயன் தந்ததா என்று மதிப்பிட முடியும்.