மலாயா கணபதியும் ஒரு கிராணியும்

சிம்பாங் பூலாயின் சுண்ணாம்புக் குன்றுகளைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரங்கள் நிறைந்திருந்தன. அவற்றைச் சீவிப் பிழைத்தவர்களில் என் பாட்டனாரும் ஒருவர். அப்பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இன்று நான் கிராணி. எனக்கு வயது 37. ஏறக்குறைய இதே வயதில் தூக்குமேடை ஏறிய ஒரு தமிழரைப் பற்றி நம்மவர்க்குச் சில வார்த்தைகள் சொல்ல விழைகின்றேன். அவர்தாம் எஸ். ஏ. கணபதி.

ஆங்கிலப் பள்ளியில் படித்த எனக்கு இங்கிலாந்து மன்னர்களின் வரிசை மனப்பாடம். கணபதியின் பெயரோ தெரியாது. பாட்டனார்தாம் ஒரு நாள் சொன்னார்: “அந்தப் பேரை அப்போதெல்லாம் லயத்தில் உரக்கச் சொல்லமாட்டோமப்பா.” ஏன் அவ்வச்சம்?

1912-இல் தஞ்சை ஜில்லாவின் தம்பிக்கோட்டையில் பிறந்த கணபதி, சிறு வயதிலேயே சிங்கப்பூர் வந்தவர். ஜப்பானியர் ஆட்சியில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். யுத்தம் முடிந்தபின் தொழிலாளரிடையே உழைத்து, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். துறைமுகத்தாரும் தோட்டத்தாரும், சீனரும் தமிழரும் அதில் ஒன்றுகூடினர். பொதுவுடைமைக் கட்சியின் செல்வாக்கு அதில் மிகுந்திருந்தது என்பதையும் மறைத்தற்கில்லை.

1948 ஜூனில் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்களே சம்மேளனமாகலாம் என்றாயிற்று. பல தொழிலாளரை இணைத்த சம்மேளனத்துக்கு அத்துடன் இடமில்லாமற் போயிற்று. அதே மாதம் 16-ஆம் நாள், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிரகடனமாயிற்று. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருத்தலே மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

1949 மார்ச்சில் கணபதி ஒரு கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். அம்மாதமே தண்டனை விதிக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவின் அரசாங்கம் உயிருக்காக மன்றாடியும் பயனில்லை. மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். புடு சிறை இன்று இல்லை. அவ்விடத்தில் வணிக வளாகம் நிற்கிறது.

நண்பர்களே! துப்பாக்கியை நான் போற்றவில்லை. ஆயுதமேந்தியோரால் தோட்டத் தமிழரும் மாண்டதுண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி பிடிபடுவதற்குப் பல மாதம் முன்னரே சம்மேளனம் போய்விட்டது. அப்படியாயின் ஆள்வோர் முதலில் அஞ்சியது எதற்கு? கூலிக்காரர் ஒன்றாகக் கூடிக் கணக்குக் கேட்டதற்கன்றோ?

இதை நான் புத்தகத்திலிருந்து அறியவில்லை. சென்ற ஆண்டு மழைநாளொன்றில், உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு மூதாட்டியின் பெயருக்கு எதிரே, மேலிடத்தார் சொன்னபடி, அரை நாள் என்று எழுதினேன். அவர் நின்றதோ முழு நாள். அது எனக்குத் தெரியும். “முழு நாள்தானே ஐயா நின்னேன்?” என்றார். நான் பேசவில்லை. “நான் ஒருத்தி கேட்டா யார் காதுல விழும்?” என்று சொல்லிப் போய்விட்டார்.

கணபதி தம் வாழ்நாளில் விடை தேடியது இந்த ஒரு கேள்விக்குத்தான். அவருடைய வழி முழுவதும் சரி என்று சொல்லத் துணியேன். ஆனால் அக்கேள்வியின் முன் என் எழுதுகோல் குற்றவாளியாக நின்றது. மறுநாள் அந்த அரை நாளைத் திருத்தி முழு நாளாக்கி, அதன்கீழ் கையொப்பமிட்டேன், வசவும் வாங்கினேன். வேலை போகவில்லை. ஓர் உயிரை ஈந்தவன் எதிரே இது எம்மாத்திரம்! ஆயினும் அன்று மாலை வீடு திரும்பியதும், என் மகனிடம் கணபதியின் பெயரை உரக்கவே சொன்னேன்.