யாரையும் விட்டுவிடாத மகிழ்ச்சி

பிள்ளைகளை மகிழ்விக்க விரும்பாத பெற்றோர் உலகில் இலர். ஆனால் அந்த மகிழ்ச்சியை எந்த அளவில், வீட்டில் ஒருவரையும் விட்டுவிடாமல் எவ்வாறு அளிப்பது என்று ஆர அமரச் சிந்திப்போர் சிலரே. குடும்பத்தோடு உல்லாசப் பூங்காவுக்குச் சென்றுவருவது இன்று செல்வர்களுக்கு மட்டும் உரியதாய் இல்லை. மாதச் சம்பளக் குடும்பங்களும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும்கூட அதற்கென்று சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கின்றன. ஆகவே, அப்பயணத்தைத் திட்டமிடுவது பற்றி நம் பங்குக் குடும்பங்கள் சற்றே எண்ணிப் பார்ப்பது நலம்.

நாங்கள் வாழும் கரடியூர், சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டை அடுத்த சிற்றூர். காப்பிச் செடிகளும், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளும் எங்களைச் சூழ்ந்துள்ளன. கோடை பிறந்தால் சமவெளி மக்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருகின்றனர். ஏரியில் படகு விடுகின்றனர். மலர்க் கண்காட்சியைக் கண்டு களிக்கின்றனர். எங்கள் பிள்ளைகளுக்கோ ஏரியும் மூடுபனியும் அன்றாடக் காட்சிகள். அவர்கள் கனவில் சுழல்வன கீழே உள்ள இராட்டினங்களே. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று பெரியோர் சொன்னது பொய்யன்று.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூவரும் ஒரே குரலில் கேட்டது, பெங்களூருக்கு அப்பால் மைசூர் சாலையில், பிடதிக்கு அருகே உள்ள வொண்டர்லா பூங்காவை. மலையடிவாரத்தில் உள்ள குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போய்வரலாமே என்று சொல்லிப் பார்த்தேன். நான்கு வயதான கடைக்குட்டி உடனே ஒப்புக்கொண்டாள். அவளுக்கு மானும் ஒன்றே, மாய இராட்டினமும் ஒன்றே. மூத்த இருவரும் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டனர். "குரும்பப்பட்டியைப் பள்ளியிலேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டார்கள், அப்பா" என்றான் மகன். எனவே காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு தகர உண்டியலை வைத்தோம். வரும் மே மாதத்தில் பயணம் என்று முடிவாயிற்று.

முதலில் கணக்கு. அங்கே கட்டணம் வயதைப் பார்த்து அன்று, உயரத்தைப் பார்த்தே பிள்ளைக்கட்டணமா பெரியவர் கட்டணமா என்று முடிவாகிறது. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கட்டணமில்லை. 140 சென்டிமீட்டர் வரை பிள்ளைக்கட்டணம். அதற்கு மேல் பெரியவர் கட்டணம். உடனே மூவரையும் சுவரோரம் நிறுத்திக் கரியால் கோடு கிழித்து அளந்தோம். மகன் 137 இருந்தான். என் சட்டைப்பைக்கு அது நல்ல செய்தி, அவனுக்கோ பெருந்துயரம். வேகமாய்ப் பாயும் ஆட்டங்கள் பலவற்றில் குறித்த உயரம் இல்லாதவரை ஏற்றுவதில்லை. வாயிலில் போய் நின்று தடுக்கப்பட்டு அழுவதைவிட வீட்டிலேயே அதை அறிந்துகொண்டது நல்லதாயிற்று.

இன்னும் சில செய்திகளையும் கேட்டறிந்தோம். விடுமுறை நாள்களிலும் கூட்டம் மிகும் நாள்களிலும் கட்டணம் கூடுகிறது. வெளியிலிருந்து உணவு கொண்டுபோக இயலாது. ஆகவே உணவுச் செலவையும் முன்னரே கணக்கில் சேர்க்க வேண்டும். நீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி ஆடை ஆகாது. நைலான் போன்ற ஆடை வேண்டும். இதய நோய், வலிப்பு, முதுகுவலி உள்ளோரும் கருவுற்ற தாய்மாரும் வேகமான ஆட்டங்களில் ஏறலாகாது.

கணக்கு ஒருவாறு அமைந்தபோது, 74 வயதான என் தாயார், "நீங்கள் போய் வாருங்கள், கண்ணு. இராட்டினம் ஏறுகிற வயதா எனக்கு? நான் கோழிகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன்" என்றார். நியாயமான சொல்லாகவே அது எங்களுக்குத் தோன்றியது. ஆனால் மூத்த மகள், "அப்பாயி வரவில்லை என்றால் இது எப்படிக் குடும்பப் பயணம் ஆகும்?" என்று கேட்டுவிட்டாள். என் மனைவி தாயாரிடம் தனியே பேசிப் பார்த்தபோதுதான் காரணம் வெளிப்பட்டது. களைப்புக்கு அவர் அஞ்சவில்லை. தம் சீட்டுக்கு ஆகும் பணத்தில் சின்னவளுக்கு ஒரு பாவாடை எடுக்கலாமே என்பதே அவர் எண்ணம். நம் வீடுகளில் முதியோர் பலர் இவ்வாறே தம்மைத் தாமே கணக்கிலிருந்து கழித்துக்கொள்கின்றனர். நாமும் அதை அவர்களது விருப்பம் என்று எடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறோம்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-ஆம் ஆண்டு குடும்பத்தைப் பற்றி விடுத்த திருத்தூது ஊக்கவுரையில், முதியோரைப் பயனற்றவர்களாய் ஒதுக்கிவைக்கும் போக்கைக் கண்டித்து, தலைமுறைகளை இணைக்கும் பாலம்போன்று அவர்கள் விளங்குவதை எடுத்துரைத்தார். தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்குமான உலக நாளை 2021-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிசு ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று நம் ஆலயங்களில் அது கொண்டாடப்படுகிறது. அன்று பூச்செண்டு கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

அமெரிக்காவில் 1955-ஆம் ஆண்டு சூலை 17 அன்று டிஸ்னிலாந்து பூங்காவைத் திறந்த வால்ட் டிஸ்னி, அவ்வெண்ணம் தமக்கு எழுந்த வகையைச் சொல்லியிருக்கிறார். தம் இரு பெண்மக்களைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று இராட்டினத்தில் ஏற்றிவிட்டுத் தாம் மட்டும் ஒரு பெஞ்சில் அமர்ந்து காத்திருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓரிடம் இருந்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. பெஞ்சில் ஒருவரை உட்கார்த்திவிட்டுப் பிறர் மகிழ்வது குறையே என்று உணர்ந்த ஒரு தந்தையின் உள்ளம் அது.

எனவே திட்டத்தைத் தலைகீழாய் மாற்றினோம். பூங்காவில் எது பெரிய ஆட்டம் என்று தொடங்காமல், வீட்டில் மிக மூத்தவர்க்கும் மிகச் சிறியவர்க்கும் எது இயலும் என்று தொடங்கினோம். தாயாருக்கு ஓர் ஆசை இருந்தது. சிறுமியாய் இருந்தபோது, செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவன்று, தந்தையின் தோளில் அமர்ந்து பெங்களூரு சிவாஜி நகர் பேராலயத்தில் சேலை உடுத்திய மரியன்னையைக் கண்டவர் அவர். மீண்டும் ஒருமுறை காண வேண்டுமாம். இத்தனை ஆண்டுகளாய் இதை எங்களிடம் சொன்னதே இல்லை! ஆகவே சனிக்கிழமை புறப்பட்டு உறவினர் வீட்டில் தங்குவது. ஞாயிறன்று அன்னையின் பேராலயத்தில் தமிழ்த் திருப்பலி. கூட்டம் குறைந்த திங்களன்று பூங்கா. பயணத்தைக் காரணம் காட்டி ஞாயிறு கடனை விட்டுவிடவும் நேராது. மூத்த மகளோடு நான் இரண்டே இரண்டு வேக ஆட்டங்களில் ஏறுவேன்; மற்ற நேரமெல்லாம் அறுவரும் சேர்ந்திருப்போம்.

எருசலேமுக்கு ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்குச் சென்ற திருக்குடும்பத்தைப் பற்றி லூக்கா எழுதியிருப்பதை ஓர் இரவு செபத்தின்போது வாசித்தோம். உறவினரோடு இருப்பான் என்று எண்ணிப் பன்னிரண்டு வயது மகனைத் தவறவிட்டு மூன்றாம் நாள் கண்டெடுத்த பெற்றோரின் வேதனை, கூட்டத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் எவருக்கும் விளங்கும். கடைக்குட்டியின் பையில் எங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வைப்பது என்றும், பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்பதைப் பூங்காவினுள் நுழைந்ததுமே குறித்துக்கொள்வது என்றும் அன்றே தீர்மானித்தோம்.

மற்றொன்றையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். 2000-ஆம் ஆண்டு கொச்சியிலும் 2005-ஆம் ஆண்டு பெங்களூருக்கு அருகிலும் இத்தகைய பூங்காக்களை நிறுவியவர் கேரளத்துக் கிறிஸ்தவரான கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி. அவர் 2011-ஆம் ஆண்டு, உறவினர் அல்லாத ஒரு லாரி ஓட்டுநருக்குத் தம் சிறுநீரகங்களில் ஒன்றை ஈந்தார். அருட்தந்தை டேவிஸ் சிரமேல் என்னும் குரு 2009-ஆம் ஆண்டிலேயே தம் சிறுநீரகத்தை வேறு மதத்தவர் ஒருவருக்கு அளித்து இவ்வழியைக் காட்டியிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த மகன், "அப்படியென்றால் உண்டியலில் கொஞ்சம் நாமும் கொடுக்கலாமா, அப்பா?" என்றான். உண்டியலில் பத்தில் ஒரு பங்கு எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக்கு என்று ஒதுக்கினோம். அதனால் பூங்காவில் ஐஸ்கிரீம் ஒன்று குறையும். மூவரும் அதற்கு இசைந்தனர்.

அன்பார்ந்த பெற்றோரே, விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். கடன் வாங்கிச் செல்லும் உல்லாசம் திரும்பிவந்தபின் கண்ணீராகும். ஓராண்டு காத்திருந்து சேர்த்துச் செல்லும் பிள்ளை பொறுமையைக் கற்கிறது. தன் பங்கை விட்டுக்கொடுத்த பிள்ளை அன்பைக் கற்கிறது. தொலைவிலுள்ள பூங்காவுக்கு வழியில்லையேல் அருகிலுள்ள ஏரிக்கரையே போதும். எங்குச் சென்றாலும், புறப்படுமுன் வீட்டில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: எல்லாரும் வருகிறார்களா? ஒருவர் குறைந்தால், அவர் ஏன் குறைகிறார் என்று அன்போடு கேளுங்கள். நாசரேத்தூர்த் திருக்குடும்பம் நம் பயணங்கள் அனைத்திலும் நமக்குத் துணைநிற்பதாக.