புதைச்ச தாலந்து

போன வருஷம் இன்டர்ன்ஷிப்பில் கிடைத்த இருபதாயிரத்தை ஆப்ஷன்ஸ்ல போட்டேன். மூணே வாரம். மிச்சம் 1,400 ரூபாய்.

சிரிக்காதீங்க, அதுக்கு நான் பைபிளைத் துணைக்கு வச்சிருந்தேன். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமை. அஞ்சு தாலந்து வாங்கினவன் வியாபாரம் பண்ணி பத்தாக்கினான். ஒண்ணு வாங்கினவன் பயந்து மண்ணுல புதைச்சு, திட்டு வாங்கினான். நான் புதைக்கிற ஆள் இல்லையாம்!

எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு மூன்று வருடத்தில் நஷ்டம்தான் என்று செபி 2024-ல் சொன்னதை, பணம் போன பிறகுதான் படித்தேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு மாரமங்கலம் போனேன். காப்பிப் பழம் பறிக்கும்போது அப்பாகிட்ட சொல்லிட்டேன். திட்டல. "இந்தச் செடி வச்சு நாலாம் வருஷம்தான்டா காய்ச்சுது"ன்னார். அவ்வளவுதான்.

ராத்திரி அந்த உவமையைத் திரும்பப் படித்தேன். எஜமான் கணக்குக் கேட்க வந்தது ரொம்ப காலம் கழிச்சு. இத்தனை வருஷம் சண்டே கிளாஸ் போயும் அது என் கண்ணுல பட்டதில்லை. ஒரு தாலந்து என்பது அன்றைய கூலியாள் ஒருவரின் கிட்டத்தட்ட இருபது வருடச் சம்பளமாம். பொறுமையா உழைச்சுச் சேர்க்கிற பணம்.

ஆனா நானும் ஒண்ணைப் புதைச்சுதான் வச்சிருந்தேன். ஏஐ-யே கோடு எழுதுதே, நான் எதுக்குன்னு நாலு மாசமா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைத் தொடவே இல்லை.

இப்போ மாசம் 500 ரூபாய் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகுது. தினமும் ஒரு மணி நேரம், ஏஐ எழுதின கோடை வரி வரியாப் படிச்சுத் தப்பு தேடுறேன். நேத்து ரெண்டு கிடைச்சது. ப்ளேஸ்மென்ட் இன்னும் கிடைக்கல.