எண் சொன்னது ஒன்று, அச்சம் சொன்னது வேறு

மேடையிலே அச்சத்தை எதிர்ப்பது எளிது. பேய் இல்லை என்போம், பில்லி இல்லை என்போம், நாளும் கோளும் நம்மை ஆளவில்லை என்போம், கைத்தட்டல் எழும். ஆனால் தோழர்களே, அச்சம் எப்போதும் பேயுருவிலேயே வருவதில்லை. சில வேளைகளிலே அது ஆய்வுக்கூடத்தின் முத்திரையோடு, அச்சடித்த தாளிலே, எண் வடிவிலே வருகிறது. அதனை எதைக் கொண்டு விரட்டுவது?

எங்கள் வீட்டுக்கு வந்த எண், 180-இல் ஒன்று.

என் துணைவியாருக்கு அப்போது வயது 36. கருவுற்ற 12ஆம் வாரத்திலே ஸ்கேன் எடுத்தார்கள், குருதியும் எடுத்தார்கள். கருவின் பின்கழுத்திலே தோலடியில் தேங்கும் நீரின் அளவு, தாயின் குருதியிலுள்ள பாப்-ஏ, எச்.சி.ஜி. என்னும் இரு பொருள்களின் அளவு, தாயின் வயது ஆகிய இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பு 180-இல் ஒன்று என்று எழுதி, பக்கத்திலே சிவப்பு எழுத்தில் ‘ஹை ரிஸ்க்’ என்று அச்சிட்டுத் தந்தார்கள். தாளைத் தந்தவர்கள் விளக்கம் தரவில்லை.

விளக்கம் இல்லாத இடத்திலே வதந்தி குடியேறும். மூன்று வாய் மாறுவதற்குள், ‘இருக்கக்கூடும்’ என்பது ‘இருக்கிறது’ என்றாயிற்று. கிரகணத்தன்று மருமகள் வாசலுக்கு வந்ததை என் அன்னையார் நினைவூட்டினார். எந்தப் பிறவியிலே செய்த வினையோ என்று பெரியம்மா பெருமூச்சு விட்டார். என்ன தின்றாள், எங்கே நடந்தாள், எதைப் பார்த்தாள் என்று கேள்விகள் அத்தனையும் அவளை நோக்கியே பாய்ந்தன. என்னை எவரும் ஒன்றும் கேட்கவில்லை! அச்சத்துக்குக் கண்ணில்லை என்பார்கள், உண்டு. பெண் எங்கே நிற்கிறாள் என்று அது பார்த்தே பாய்கிறது.

மறுநாள் ஒரு பெண் மருத்துவர், தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். “180-இல் ஒன்று என்றால், இதே எண் பெற்ற 180 தாய்மார்களிலே 179 பேரின் குழந்தைகளுக்கு இது இல்லை” என்றார். பிறகு இன்னொரு கணக்கு. ஆயிரம் கருவுற்ற பெண்கள். அவர்களிலே மூவரின் குழந்தைகளுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று கொள்வோம். இந்தச் சோதனை பத்தில் ஏறத்தாழ ஒன்பதைக் கண்டுபிடிக்கும்; ஆனால், அது இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரை ‘ஹை ரிஸ்க்’ என்று ஒதுக்கும். ஆக, ஐம்பதுக்கு மேற்பட்ட வீடுகளிலே கண்ணீர். காரணம் உள்ள வீடுகளோ இரண்டு அல்லது மூன்று! எல்லைக்கோடும் மனிதர் கிழித்ததே. பல கூடங்கள் 250-இல் ஒன்று என்பதை எல்லையாகக் கொள்கின்றன. 249 என்றால் சிவப்பு. 251 என்றால் பச்சை. இடையே இயற்கை எழுப்பிய சுவர் ஏதும் இல்லை. பச்சை எழுத்தும் முழு உறுதி அன்று.

சலிப்பது வேறு, நிறுப்பது வேறு. இது சல்லடை, தராசு அல்ல.

சல்லடையிலேயே நுண்மையானதும் உண்டு. தாயின் குருதியிலே கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதப்பதை 1997-இல் டென்னிஸ் லோ குழுவினர் கண்டறிந்தார்கள். அந்த வழி வந்த என்.ஐ.பி.டி. சோதனை, டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அளவுக்குக் கண்டுபிடிக்கிறது. எனினும் அதுவும் சல்லடையே. தராசு எது? ஊசியால் பனிக்குட நீரைச் சிறிது எடுத்து, குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பது. 15 வாரம் நிறைந்தபின் செய்வார்கள். அதனாலே கரு கலையும் ஆபத்து, தேர்ந்த கைகளிலே, 200-இல் ஒன்றுக்கும் குறைவு.

எதைச் செய்வது, எதையும் செய்யாமலிருப்பதா? உடல் அவளுடையது, முடிவும் அவளுடையது. ஊசிச் சோதனையே வேண்டும் என்றாள். 16ஆம் வாரம் வரை காத்திருந்தோம். முழு முடிவுக்கு மேலும் இரண்டு வாரம்.

காத்திருப்பதுதான் கடினம். எழும் ஐயங்களை ஏட்டிலே எழுதி மருத்துவரிடமே கேட்டோம். இரவு உணவுக்குப்பின் கைப்பேசியிலே எதையும் தேடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். மாலையிலே நடந்தோம். உறக்கம் கெட்டபோது, வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொன்னாள். “நீ கவலைப்பட்டால் பிள்ளைக்கு ஆகாது” என்று சிலர் சொன்னார்கள்; சுமைக்கு மேலே சுமை! “கவலையால் குரோமோசோமின் எண்ணிக்கை மாறாது, பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே அது தீர்ந்துவிட்ட செய்தி” என்று மருத்துவர் சொன்ன சொல்லே அவளுக்கு மருந்தாயிற்று.

அன்னையார் ஒருநாள் தாயத்து வாங்கி வந்தார். துணைவியார் சினக்கவில்லை. “இதைக் கட்டினால் என் அச்சம் தீராது, அத்தை. மருத்துவமனைக்கு என்னோடு வாருங்கள், தீரும்” என்றாள். அன்னையார் வந்தார், கேட்டார். 46 இருக்கவேண்டிய இடத்திலே 47 இருப்பதுதான் இது என்று 1959-இலேயே பாரிஸ் நகர ஆய்வாளர்கள் கண்டார்கள் என்பதையும், தாய் செய்த எதனாலும் அது வருவதில்லை என்பதையும் கேட்டார். அன்று மாலை பெரியம்மாவிடம் அவரே சொன்னார்: “கிரகணமும் இல்லை, வினையும் இல்லை. இனி அவளை யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள்.” நான் ஆண்டுக்கணக்கிலே பேசியும் அசையாத மனம், மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருமணி நேரம் உட்கார்ந்ததிலே அசைந்தது!

முடிவு வந்தது: 46. மகிழ்ந்தோம். ஆயினும், அதனாலே அறிவு வென்றது என்று முரசறைய மாட்டேன். 47 என்று வந்திருந்தாலும் கணக்கு பொய்த்திருக்காது; அவள் குற்றவாளி ஆகியிருக்கமாட்டாள். அப்போதும் முடிவு அவளுடையதே. 47-ஓடு பிறக்கும் குழந்தைகளும் அன்பும் பயிற்சியும் மருத்துவமும் கிடைத்தால் கற்கிறார்கள், பாடுகிறார்கள், வேலை செய்கிறார்கள். முன்கூட்டி அறிவது, ஆயத்தம் ஆவதற்கு. இழிவு பேசுவதற்கு அல்ல.

ஆகவே, இளைஞர்களே! இத்தகைய தாள் உங்கள் வீட்டுக்கோ, அண்டை வீட்டுக்கோ வந்தால், நான்கு கேள்வி கேளுங்கள். இது சல்லடையா, தராசா? எத்தனை பேரில் ஒருவர்? அடுத்த சோதனை எது, அதன் ஆபத்து எவ்வளவு? முடிவு செய்யும் உரிமை யாருக்கு? விடை தெரியும்வரை, அந்தப் பெண்ணின் பக்கத்திலே அமருங்கள். அவளைத் தனியே விடாதிருப்பதும் பகுத்தறிவுதான்.