இசை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட பாடகி



வெகுநாள்களாக எழுத எண்ணியும் எழுதாமல் தள்ளிப்போட்டு வந்த செய்தி இது. ஒரு பாடகியைப் பற்றி எழுத வேண்டும். அவரைப் பற்றி எழுதினால் என் தவறு ஒன்றையும் எழுத வேண்டிவரும். அதனால்தான் இத்தனை தயக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் சுங்காய் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் குழுப்பாடல் போட்டிக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்தும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. முன்பு இரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனை சூழ்ந்து நிற்கும் சிறிய பள்ளி. பன்னிரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தேன். அவர்களுள் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி. தாளம் பிசகமாட்டாள், ஒருமுறை கேட்ட மெட்டை மறுமுறை அப்படியே பாடிவிடுவாள். ஆனால், குரல் மட்டும் கனத்த குரல். மற்ற பதினொருவரும் கீச்சென்று மேலே ஏறும் இடத்தில் இவள் குரல் அடியில் தனித்து ஒலிக்கும்.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில் அவளைத் தனியே அழைத்து, "நீ வாயை மட்டும் அசைம்மா, சத்தம் வேண்டாம்" என்றேன். தலையை ஆட்டினாள். எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அன்று எடுத்த நிழற்படம் இன்னும் என்னிடம் உள்ளது. பின்வரிசையில் இடப்பக்க ஓரத்தில் நிற்கிறாள். மற்ற எல்லாரையும் விட அவள் வாய்தான் பெரிதாகத் திறந்திருக்கிறது.

அவ்வாண்டு இறுதியில் தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த அவளின் தாயார், "டீச்சர், வீட்டுல எந்நேரமும் பாடிக்கிட்டே இருக்கும். இப்பப் பாடுறதே இல்ல. பள்ளிக்கூடத்துல யாராவது கேலி பண்றாங்களா?" என்று கேட்டார். "தெரியலைங்கம்மா, விசாரிக்கிறேன்" என்றேன். முதல் தவற்றை அறியாமையால் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பதிலை நான் அறிந்தேதான் சொன்னேன்.

பின்னர் ஒரு விடுமுறை நாளில் உஷா உதுப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பள்ளியில் படித்த காலத்தில், இவர் குரல் பொருந்தவில்லை என்று இசை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்களாம்!

நம்மில் பலருக்கு உஷா உதுப் என்றால் பெரிய பொட்டும் பட்டுச்சேலையும் ஆங்கிலப் பாட்டும் மட்டுமே நினைவுக்கு வரும். அவர் தமிழ்க் குடும்பத்துப் பெண் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. 1947ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்தவர். தந்தையார் காவல்துறை அதிகாரி. வீட்டு வானொலியில் கருநாடக இசையும் இந்துஸ்தானியும் மேற்கத்திய இசையும் மாறி மாறி ஒலித்தனவாம். அக்காமார்களும் பாடகியர். ஒன்பது வயதில் அமீன் சயானியின் வழியாக இலங்கை வானொலி நிகழ்ச்சியொன்றில் பாடும் வாய்ப்பும் பெற்றார். வானொலிக்குப் பொருந்திய குரல் வகுப்பறைக்குப் பொருந்தாமல் போயிருக்கிறது, பாருங்கள்.

ஆனால் அந்த இசையாசிரியர் ஒன்று செய்தார். பிள்ளையிடம் இசை இருக்கிறது என்பதை உணர்ந்து, பாட விடாவிட்டாலும் கையில் தாளக்கட்டையையும் முக்கோண மணியையும் கொடுத்துத் தட்டச் செய்தார். அந்த அளவுக்குக்கூட எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் என்னை உறுத்தியது. நான் கொடுத்தது வாயசைப்பு.

1969ஆம் ஆண்டு சென்னைக்கு வந்திருந்த உஷாவை அவருடைய அத்தை ஓர் இரவு விடுதிக்கு அழைத்துச் சென்றார். மவுண்ட் ரோட்டில் இருந்த சஃபையர் திரையரங்க வளாகத்தின் அடித்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற பெயரில் அது நடந்துவந்தது. அத்தையின் வற்புறுத்தலால் சேலை கட்டிய அந்த இளம்பெண் இசைக்குழுவின் முன் நின்று பாடினார். கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள், ஒரு வாரம் தொடர்ந்து பாடும்படி விடுதி உரிமையாளர் கேட்டுக்கொண்டார். இரவு விடுதி என்றதும் பெற்றோர் சிலர் முகம் சுளிப்பீர்கள், எனக்குத் தெரியும். நானும் முதலில் சுளித்தவள்தான்! ஆனால் அந்த வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எதிரே உண்பவர்கள், பேசுபவர்கள், ஆடுபவர்கள். ஆடுபவர்களின் கால்களைப் பார்த்துப் பாட்டின் ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். திரைப்பாடல் ஒலிப்பதிவு என்றால் மீண்டும் ஒருமுறை பாடிச் சரிசெய்யலாம். இங்கே அது இயலாது.

குரல் பற்றியும் ஒரு சொல். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகைகளில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி உச்சத்தில் பாடியவர்கள் நம் பழைய பாடகர்கள். கே.பி.சுந்தராம்பாள் அம்மையாரின் பெருமையே அதுதான். நம் காதுகள் அந்த வழியிலேயே பழகிவிட்டன. பெண் குரல் என்றால் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று மனத்துக்குள் ஓர் அளவுகோல். 1925 வாக்கில் மின்னொலிப்பதிவு வந்த பிறகு ஒலிவாங்கியின் அருகில் நின்று மென்மையாகவும் தாழ்வாகவும் பாடுவது எளிதாயிற்று. மேலைநாட்டு நடன இசைக்குழுப் பாடகர்கள் இந்த மாற்றத்தால்தான் புகழடைந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஆல் பவுலி, இலண்டனில் இசைத்தட்டுகளால் பெயர் பெறுமுன், 1920களில் கல்கத்தாவிலும் நமக்கு அருகில் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விடுதியிலும் இசைக்குழுவோடு பாடியவர். அதே வகை மேடைதான் பல்லாண்டுகளுக்குப் பிறகு உஷாவின் கனத்த குரலுக்கும் இடம் தந்தது. குரல் மாறவில்லை, அது நின்ற இடம் மாறியது.

சென்னையிலிருந்து பம்பாய், பிறகு கல்கத்தா. அங்கே பார்க் தெருவிலுள்ள 'டிரிங்காஸ்' விடுதியில் பாடினார். பின்னாளில் தம் கணவராக வந்த ஜானி சாக்கோ உதுப்பை அங்குதான் சந்தித்தார். எச்.எம்.வி. நிறுவனத்துக்காக அவர் தொடக்கத்தில் பதிவு செய்தவை 'ஜம்பலாயா' போன்ற ஆங்கிலப் பாடல்கள். 1970இல் 'பாம்பே டாக்கி', 1971இல் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' எனத் திரைப்படங்கள் வந்தன. ஏ.பி.நாகராஜன் 1975இல் இயக்கிய 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் அவரே தோன்றிப் பாடுவார். கென்யாவுக்குச் சென்று சுவாகிலி மொழியில் பாடினார். நைரோபியில் உள்ளூர் இசைக்குழுவோடு பாடியது இசைத்தட்டாகவும் வெளிவந்தது.

எல்லாம் பூப்பாதையாக இருந்ததென்று எண்ண வேண்டா. 1980களில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர் இவருடைய இசை பண்பாட்டைக் கெடுப்பது என்று சொல்லி, அரசு அரங்குகளில் பாடத் தடை விதிக்கச் செய்தார். உஷா நீதிமன்றம் சென்று வென்றார். 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண் விருதுகள் வந்தன. அதே 2024இல் கணவரை இழந்தார்.

விருதுகளைவிட என் மனத்தில் நின்றது அந்த முக்கோண மணிதான். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்கும் இசைக் கல்வி இருந்தது. தாளக் கருவிகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தித் தேர்வில் மதிப்பெண் வாங்கியவள் நான். பாட இயலாத பிள்ளைக்கு அவற்றுள் ஒன்றைக் கொடுக்கலாம் என்பது விடைத்தாளில்கூட எழுதியிருப்பேன். மேலும், அந்தப் பிள்ளை பாட இயலாதவளும் அல்லள். ஆர்மோனியத்தில் சுருதியைச் சற்று இறக்கியிருந்தாலே போதும், அவளும் சேர்ந்து பாடியிருப்பாள். ஐந்து நிமிட வேலை.

சென்ற ஆண்டு தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவில் அவளைப் பார்த்தேன். இப்போது இடைநிலைப்பள்ளி மாணவி, என்னைவிட உயரம். "வணக்கம் டீச்சர்" என்று அருகில் வந்தாள். அதே குரல். மேடையில் இசைக்குழுவினர் பாடிக்கொண்டிருந்ததால் சற்று ஒதுங்கி நின்று பேசினோம். அந்தப் போட்டியை நினைவுபடுத்தி, "அன்னிக்கு டீச்சர் உன்னைப் பாட விடல. தப்பு பண்ணிட்டேம்மா" என்றேன்.

"எனக்கு ஞாபகமே இல்ல டீச்சர்" என்று சிரித்தாள். பிறகு மேடைப் பக்கம் பார்த்தபடி, "ரெண்டாம் பரிசுதானே கிடைச்சது?" என்றாள்.

நான் வேறொன்றும் கேட்கவில்லை. இப்போது பாடுகிறாயா என்று கேட்க நாவெழவில்லை.

இவ்வாண்டும் குழுப்பாடல் பயிற்சி தொடங்கிவிட்டது. ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவிக்குக் கனத்த குரல். பாடலின் இரண்டாம் அடியை அவளைத் தனியே பாட வைத்து, சுருதியையும் இறக்கியிருக்கிறேன். அதனால் புதிய சிக்கல்: முதலாம் ஆண்டுச் சிறுவர் இருவருக்கு அந்தத் தாழ்ந்த இடம் எட்டவில்லை, காற்றுதான் வருகிறது. நேற்று ஓய்வு நேரத்தில் அவர்களுக்காக ஓரிடத்தில் மெட்டை மாற்றிப் பார்த்தேன். சரியாக அமையவில்லை, நாளை மறுபடியும் முயல வேண்டும்.