பெர்மிட் காணியில் ஒரு வீடு

கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்தில் நான் எதிராளிக்காகத் தோன்றிய வழக்கு அது. எதிராளி பரந்தன் பக்கத்துப் பெண், என்னிலும் மூத்தவர்; நான் அக்கா என்றே கூப்பிடுவேன். 2012இல் அரை ஏக்கர் காணியை, அதிலிருந்த அரைகுறை வீட்டோடு வாங்கியிருந்தார். மகன் சுவிஸிலிருந்து அனுப்பிய காசும் போரில் தப்பிய நகையும் அதற்குள் போயிருந்தன. கையில் இருந்தவை ஓர் உடன்படிக்கையும் விற்றவர் எழுதிக்கொடுத்த அற்றோணித் தத்துவமும் மட்டுமே.

“காசு முழுக்கக் குடுத்தாச்சு தம்பி. உறுதியைப் பிறகு மாத்தித் தாறம் எண்டு சொன்னவை.”

மாற்றிக் கொடுக்க அவர்களிடம் உறுதியே இருக்கவில்லை. அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட பெர்மிட் காணி. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் இப்படித்தான் காணி கொடுத்தார்கள். நிலம் அரசுடையது. பெர்மிட்காரர் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், பின்னுரித்தாளியை நியமிக்கலாம், விற்க முடியாது. விற்றவர் இறந்ததும் அற்றோணித் தத்துவமும் செயலிழந்தது. பின்னுரித்தாளியான விற்றவரின் மகன் பெர்மிட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அக்காவை வெளியேற்றக் கோரி வழக்கு வைத்தார்.

பத்து வருடம் இருந்தால் காணி சொந்தமாகிவிடும் என்று அக்கா உறுதியாக நம்பியிருந்தார். அரச காணியில் அந்தக் கணக்கு ஓடாது. பெர்மிட்காரர் வெறும் குடியிருப்பாளர்தானே என்றும் வாதிட வழியில்லை. அத்துமீறியவரை வெளியேற்றும் அளவுக்கு அவருக்கு உரித்து உண்டென்று 1954இல் பலிசேன எதிர் பெரேரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

அக்காவோடு அவருடைய தம்பியும் வருவார். அவர் வெள்ளவத்தையில் வங்கிக் கடனில் அடுக்குமாடி வீடு வாங்கியவர். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் கூட்டியது. அவருடைய மாதத் தவணை சம்பளத்தை விழுங்கியது. நீதிமன்றத்துக்குப் போகாமலே அடகுச் சொத்தை ஏலம் போட 1990ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிகளுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. வங்கி முந்துவதற்குள், வந்த விலைக்கு வீட்டை விற்றுக் கடனை அடைத்தார். கையில் கொஞ்சம் மிஞ்சியது. உறுதி சுத்தமாக இருந்ததால் வாங்க ஆள் இருந்தது.

வெளிநாட்டிலிருந்து வருவோர் வெள்ளவத்தையில் ஒரு பேர்ச் விலையையும் கிளிநொச்சியில் ஒரு ஏக்கர் விலையையும் ஒப்பிட்டு, இங்கே மலிவு என்கிறார்கள். அவர்கள் ஒப்பிடுவது உறுதிக் காணியையும் பெர்மிட் காணியையும். நகரத்தில் வட்டி ஏறும், விலை இறங்கும். அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியும். இங்கே ஆபத்து பிரதேச செயலகக் கோவைக்குள் கிடக்கிறது. வன்னியில் உறுதிக் காணிகளும் நிறைய உண்டு. காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீர் நல்லதா என்று நாலு பேரிடம் கேட்பவர்கள் இதைக் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆற்றாமை. பெர்மிட்டை ஈடாக வைத்துக் கடன் தர வங்கிகள் தயங்குவதே முதல் எச்சரிக்கை.

எங்களுக்கு மிஞ்சியது ஒரே வாதம். நல்லெண்ணத்தோடு வீட்டைக் கட்டி முடித்தவருக்கு, அந்தச் செலவு கிடைக்கும்வரை இடத்தைக் கையில் வைத்திருக்கும் உரிமையை உரோமன் டச்சுச் சட்டம் தருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வழக்காளி இணக்கத்துக்கு வந்தார். வீட்டின் மதிப்பைத் தவணைகளில் கொடுப்பது, கடைசித் தவணை வரை அக்கா அங்கேயே இருப்பது என்று தீர்வு பதிவானது. காணிக்காக இறந்தவரிடம் கொடுத்த காசு அதில் சேரவில்லை.